டிராம்பே வினாவியல்: இளையராஜா நேரில் வந்தால் கேட்கப்படக்கூடியவை குறித்து ஓர் ஆய்வு

இளையராஜாவைப் பற்றிய ஆய்வுகள் எல்லாம் இதுவரை இளையராஜாவையே ஆராய்ந்து வந்துள்ளன. எந்த இடத்தில் புல்லாங்குழல் நுழைகிறது, எந்த இடத்தில் வயலின்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன, பேஸ் கிட்டார் தனியாக என்ன முணுமுணுக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. எதிரே வாய்பிளந்து நிற்கிற ரசிகரை எவரும் பொருட்படுத்தவில்லை. அந்த வாயிலிருந்து என்ன வரும் என்பதும் ஆராயப்படவில்லை. இக்குறையைக் களையும் நோக்கில் எழுந்ததே இவ்வாய்வு. "ராஜா சார் நேர்ல வந்து நின்னு, ஒரே ஒரு கேள்வி கேளுன்னா என்ன கேப்பீங்க?" என்பது ஆய்வு வினா. கேட்கப்பட்ட இடம், மும்பையின் கிழக்கோரத்து டிராம்பே. காலம், மாலை டீ நேரம். காலையில் டிராம்பேயில் ஆராயப்பட எவருக்கும் நேரமில்லை. மான்குர்டில் வண்டி பிடிக்க வேண்டும்.

களத்தேர்வு குறித்து ஆய்வுக்குழுவில் (அதாவது எனக்கும் டீக்கடைக்காரருக்கும் இடையே) கருத்து வேறுபாடு எழுந்தது. மாட்டுங்காவில் கேட்கலாம் என்றார் அவர். கேட்கலாம்தான். ஆனால் மாட்டுங்கா மாமி, 1977-இல் வந்த 'கவிக்குயில்' படத்து ரீதிகௌளையில் தொடங்கினால் பஸ் போய்விடும். தாராவியில் கேட்டால் பேச்சு 'நாயக'னை விட்டு நகராது. 1987-இல் வந்த அந்தப் படத்துக்கான தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டுடியோவில் தோட்டா தரணி செட் போட்டுவிட்டார் என்ற மனக்குறை அங்கே இருக்கிறது; பழி பாவம் இசையமைப்பாளர் தலையில் விழும்.

டிராம்பேயின் சிறப்பு வேறு. ஒருபுறம் பாபா அணு ஆராய்ச்சி மையம். 1956 ஆகஸ்ட் 4 அன்று இந்தியாவின் முதல் அணு உலை இயங்கத் தொடங்கிய இடம். அந்த உலைக்கு வைத்த பெயர் அப்சரா, தேவலோகத்து ஆட்டக்காரியின் பெயர். மறுபுறம் சீத்தா கேம்ப். ஜனதா காலனி இருந்த நிலம் அணுசக்தித் துறைக்கு வேண்டும் என்று, நெருக்கடி நிலையின்போது, 1976 மே மாதத்தில், அங்கிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை வீட்டை இடித்து இந்தச் சதுப்பு நிலத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் தமிழர் ஏராளம். அதே 1976 மே மாதம் 14-ஆம் தேதி தமிழ்நாட்டில் ராஜாவின் முதல் படமான 'அன்னக்கிளி' வெளியானது. இவ்விரண்டுக்கும் என்ன தொடர்பு என்று வினவலாம். ஒன்றுமில்லை. தொடர்பில்லாத இரண்டை ஒரே பத்தியில் வைப்பவனைத்தானே உலகம் ஆய்வாளன் என்கிறது.

முன்னோர் ஆய்வுகளைப் பார்த்துவிட்டு மேலே செல்வது மரபு. முதல் முன்னோர் பவணந்தி முனிவர். நன்னூலில் வினாவை ஆறாக வகுத்தவர்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. பள்ளிக்கூடத்தில் இதை மனப்பாடம் செய்து, பரீட்சையில் ஒன்றை மறந்து, அரை மதிப்பெண் இழக்காத தமிழர் இல்லை. இரண்டாம் முன்னோர் டிராம்பேக்காரரே: ராஜா ராமண்ணா. 1976-இல் அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர். 1974 பொக்ரான் சோதனையின் முன்னணி விஞ்ஞானி. நல்ல பியானோ வாசிப்பாளர். ராகத்தின் கட்டமைப்பையும் மேற்கத்திய இசையின் கட்டமைப்பையும் ஒப்பிட்டு 1993-இல் ஒரு நூலே எழுதினார். ராகத்துக்குள் மேற்கத்திய ஒத்திசை எப்படிப் போய் உட்காருகிறது என்ற கேள்விக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் புத்தகம் பிறந்தது. இந்தப் பக்கம் அதே கேள்வி, "எப்டி அண்ணே இப்டிப் போடுறாரு?" என்ற வடிவில், கட்டிங் சாயோடு பல்லாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டாம் வடிவமே சுருக்கமானது என்பது எம் துணிபு.

இனி தரவுகள். பவணந்தியார் ஆறு வகைக்கும் சம இடம் தந்திருக்கிறார். டிராம்பே அப்படித் தரவில்லை. கிடைத்தவற்றில் பெரும்பங்கு அறிவினா. விடையைத் தெரிந்துகொண்டே கேட்பது. ஆசிரியர் மாணவனிடம் கேட்பதை இலக்கணம் இதற்கு உதாரணம் காட்டும். டிராம்பேயில் மாணவன் ஆசிரியரிடம் கேட்கிறான். இதன் அடையாளம் ஈற்றில் வரும் 'தானே'.

"'நாயகன்' உங்களுக்கு நானூறாவது படம்தானே சார்?" ஆம், நானூறாவதுதான். கேட்பவருக்கும் தெரியும், கேட்கப்படுபவருக்கும் தெரியும். "'தளபதி' பாட்டெல்லாம் எங்க பம்பாய்ல வச்சுத்தானே சார் ரெக்கார்ட் பண்ணீங்க, ஆர்.டி. பர்மன் ஆளுங்கள வச்சு?" இதில் அழுத்தம் 'எங்க' என்ற சொல்லில் விழுகிறது. டாக்ஸி ஓட்டுநரான இந்தத் தகவலாளி, தாமே அந்த வயலின்காரர்களை ஸ்டுடியோ வாசலில் இறக்கிவிட்டதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொருவர், "'ராக்கம்மா' பாட்டு பிபிசி-ல நாலாவதா வந்துச்சே, தெரியும்தானே உங்களுக்கு?" என்றார். 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பு அது. நான்காம் இடம் என்பதும் உண்மை. தாமும் சைபர் கஃபேயில் காசு கொடுத்து உட்கார்ந்து வாக்களித்ததாக அவர் சொன்னார். ஆக அவர் கேட்க வந்தது கேள்வியே அல்ல, ரசீது. உங்களுக்காக நான் இவ்வளவு செய்திருக்கிறேன், பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளுங்கள் என்பதைத் தமிழர் வேறு எப்படிக் கேட்பது?

மற்ற வகைகளைச் சுருக்கமாகக் காண்போம். ஐய வினா: "அந்த எடத்துல வர்றது வயலினா, கீபோர்டா?" இதைக் கேட்பவர்கள் கேசட் காலத்து ஆட்கள். ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, அறுபது நிமிடக் கேசட்டில் கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து, மீதியை இன்றுவரை மனத்துக்குள் பாடி முடித்துக்கொண்டிருப்பவர்கள். கொளல் வினா, "ஒரு செல்ஃபி சார்?" கொடை வினா அரிதினும் அரிது. "என் பையன் நல்லாப் பாடுவான், உங்களுக்கு வேணுமா?" என்று ஒருவர் கேட்டார், கொடுப்பதுபோல் தோன்றினும் கொளல் வினாவே இது என நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் உரை எழுதியிருப்பார். ஏவல் வினா, "மறுபடி ஒரு 'கரகாட்டக்காரன்' போடுவீங்களா, மாட்டீங்களா?" கேட்ட தொனியில் ஆய்வாளரே பயந்து, போடுகிறேன் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

ரஹ்மான் ரசிகர்களின் தரவு இவ்வாய்வுக்குப் புறம்பானது. எனினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2017 ஜூலையில் லண்டன் வெம்பிளியில் ரஹ்மான் கச்சேரியில் தமிழ்ப்பாட்டு கூடிவிட்டது என்று இந்தி ரசிகர்கள் சிலர் எழுந்து போனார்கள். டிக்கெட் காசையும் திருப்பிக் கேட்டார்கள். சீத்தா கேம்ப் பையன்களுக்கு அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ரஹ்மானிடம் என்ன கேட்பீர்கள் என்றதற்கு ஒருவன் எழுந்து நின்று சொன்னான்: "சார், நெக்ஸ்ட் ஷோ ஃபுல் தமிழ் கரேங்கே க்யா?" முழுத் தமிழ்க் கச்சேரிக்கான கோரிக்கை முழு இந்தியில் வந்ததைச் சுட்டிக்காட்டியபோது, அதிலென்ன, அவருக்கு இந்தி தெரியுமே என்றான். மறுக்க முடியவில்லை.

இப்போது ஆய்வின் கடினமான பகுதி. அணுசக்தி நகரில் நீண்ட காலம் குடியிருந்து ஓய்வுபெற்ற விஞ்ஞானி ஒருவர் தம் கேள்வியைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். 1993-இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு வாசித்த ராஜாவின் சிம்பொனி ஏன் வெளிவரவில்லை என்பது கேள்வி. (அ), (ஆ), (இ) என்று உட்பிரிவுகள். 2025 மார்ச் 8 அன்று அதே லண்டனில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறிவிட்டதே என்றேன். "அது வேற, இது வேற" என்று (ஈ) சேர்த்தார். சரி, எதிரில் வந்தால் நான்கையும் கேட்பீர்களா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு கல்யாண வரவேற்பில், சாப்பாட்டு வரிசையில், தமக்கு மிகப் பிடித்த வேறொரு பாடகரைப் பத்தடி தூரத்தில் பார்த்தாராம். எட்டடியில் உட்பிரிவுகள் உதிர்ந்தன. நாலடியில் முதன்மைக் கேள்வி போயிற்று. கைக்கெட்டும் தூரத்தில், "சார், ரசம் அந்தப் பக்கம்" என்று மட்டும் சொன்னாராம்.

தொழிலுக்கேற்ப இதற்கு அவர் அரை ஆயுள் விதி என்று பெயரிட்டார்: கலைஞரை நோக்கி வைக்கும் ஒவ்வொரு குறிப்பிட்ட தூரத்துக்கும் கேள்வி பாதியாகிறது. யுரேனியத்துக்கு இதற்கு யுகங்கள் வேண்டும், ரசிகனுக்கு நாலு தப்படி போதும் என்றார். இவ்வாய்வின் ஒரே அறிவியல் கண்டுபிடிப்பு இதுவே, உரிமை அவருடையது.

இவ்விதிக்கு மிகக் கடுமையாக ஆளாகும் கேள்வி எது என்பது வாசகர் அறிந்ததே. டிராம்பேயில் கேட்ட ஏறக்குறைய எல்லோரும் முதலில் குரலைத் தாழ்த்தி அதையே சொன்னார்கள்: "வைரமுத்துவோட ஏன் சார் அப்புறம் சேரல?" பாடலாசிரியர் வைரமுத்துவோடு 1980-இல் 'நிழல்க'ளில் தொடங்கிய கூட்டு 'புன்னகை மன்னன்' வந்த 1986-ஓடு நின்றுபோனது. சேர்ந்திருந்த காலத்தைப்போல ஆறு மடங்குக்கு மேல் பிரிந்திருந்தும் ரசிகர் மனம் ஆறவில்லை. அடுத்ததாக, 2017-இல் பாடகர் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு ராஜாவிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது பற்றி. இதைச் சொல்லும்போது குரல் இன்னும் இறங்குகிறது. குடும்பத்துப் பெரியவர்களின் சொத்துத் தகராறைப் பற்றிப் பிள்ளைகள் சமையலறையில் பேசிக்கொள்ளும் குரல் அது. நேரில் கேட்பீர்களா என்றால், "சேச்சே, நமக்கெதுக்கு?" என்று எல்லோரும் 'நாயகன்' நானூறாவது படம்தானே என்பதற்குத் திரும்பிவிட்டார்கள். அறிவினா எதற்காகப் பிறந்தது என்பது இங்கே விளங்கும். வாய்க்கு வந்துவிட்ட கேள்வியை விழுங்கியபின் அந்த இடத்தில் எதையாவது வைத்தாக வேண்டுமே.

அச்சத்துக்கு ஆதாரமும் இல்லாமலில்லை. விடைகளையும் எட்டாக வகுத்த பவணந்தியார் அவற்றுள் ஒன்றாக 'வினா எதிர் வினாதல்' என்பதை வைத்தார். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தை ஒட்டிய நிகழ்ச்சி ஒன்றில், அப்போது சர்ச்சையில் இருந்த பீப் பாடல் பற்றிக் கேட்ட செய்தியாளரிடம் உனக்கு அறிவிருக்கிறதா என்று இளையராஜா திருப்பிக் கேட்டார். இதைவிடத் தூய எடுத்துக்காட்டு இலக்கண உரைகளில் இல்லை. தவிர, 1986-இல் தம் இசைத்தொகுப்புக்கே 'ஹவ் டு நேம் இட்?' என்று கேள்விக்குறியோடு பெயர் வைத்தவரிடம் நாம் போய்க் கேள்வி கேட்பதாவது!

இங்கே ஒரு முரணைச் சொல்லியாக வேண்டும். டிராம்பே வாயில்லாப்பூச்சிகளின் ஊர் கிடையாது. கோலார் தங்கவயலில் பிறந்து ஜனதா காலனிக்கு வந்த ஜோக்கின் அற்புதம், குப்பை அள்ளாத மாநகராட்சிக்குப் பாடம் புகட்ட, காலனிப் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தவர். காலனியைக் காப்பாற்ற தில்லிக்குப் போய் நாடாளுமன்ற வாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்து இந்திரா காந்தியிடமே முறையிட்டவர். 2000-இல் மகசேசே விருது பெற்றவர். பிரதமரிடம் கேட்கத் துணிந்த ஊர் ஓர் ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் ஏன் ரசம் பற்றிப் பேசுகிறது? பிரதமர் இவர்களுக்குக் கடன்பட்டிருந்தார்; ராஜாவுக்கு இவர்கள் கடன்பட்டிருப்பதாக நினைக்கிறார்கள். கடன்பட்டவன் எந்த ஊரில் கேள்வி கேட்டிருக்கிறான்?

எஞ்சிய வகையான அறியா வினா, விடை தெரியாமல், தெரிந்துகொள்வதற்காகவே கேட்பது, இவ்வாய்வில் ஒன்றே ஒன்று கிட்டியது. சீத்தா கேம்பில் பூக்கட்டி விற்கும் திருநெல்வேலிப் பாட்டி. ஜனதா காலனியிலிருந்து லாரியில் வந்து இறங்கியவர். கேள்வியை விளக்கி முடிக்குமுன்பே, பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "நாங்க சட்டிபானையோட இங்கன வந்து எறங்குன வருசம்தான் அன்னக்கிளி பாட்டு வந்துச்சு. சேத்துக்குள்ள நின்னுக்கிட்டு அடுத்த வீட்டு டிரான்சிஸ்டர்ல கேட்டேன். ஏ ராசா, அப்பம் நீ எங்க குடியிருந்த? சொந்த வீடா, வாடகையா?"

இதில் 'தானே' ஏதும் இல்லை. அரை ஆயுளும் இதைக் குறைக்காது என்று விஞ்ஞானி சான்றளித்தார். பாட்டி நாலடியில் நின்றாலும் இதையேதான் கேட்பார். டீக்கடைக்காரர் மட்டும், வாடகையாகத்தான் இருக்கும், மெட்ராஸ்ல அப்போ எல்லாருமே வாடகைதான் என்று முணுமுணுத்தார். ஆய்வுக்குழு அதைக் குறிப்பில் ஏற்றவில்லை.

வாசகர்க்கு ஒரு விண்ணப்பம். வைரமுத்து பற்றிய கேள்வியை இளையராஜாவிடம் நேருக்கு நேர் கேட்டு, அடுத்த வாக்கியமும் பேசி, பத்திரமாக வீடு திரும்பியவர் எவரேனும் உங்களில் இருந்தால் தயவுசெய்து ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும். ஏழாவது வினா வகை ஒன்றுக்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பெயர் வெளியிடப்பட மாட்டாது.