மீன்கடல் ஓரம் பட்டினி கிடந்த மகாவீரர்கள்

மெக்ஸிகோவின் மேற்கு ஓரத்தில், விழட்டுமா வேண்டாமா என்று யோசித்தபடி தொங்கிக்கொண்டிருக்கும் நீளமான நிலத்துண்டுக்குப் பெயர் பாஹா கலிஃபோர்னியா. நீளம் 1,200 கிலோமீட்டருக்கு மேல். இந்தப் பக்கம் பசிபிக், அந்தப் பக்கம் கலிஃபோர்னியா வளைகுடா. நடுவில் பாறை, கள்ளி, அலுத்துப் போனால் இன்னும் கொஞ்சம் கள்ளி. வாயில் போடத் தகுந்த சங்கதியில் முக்கால்வாசி தண்ணீருக்குள் இருக்கிறது. இந்தச் சின்ன விஷயம் வெளியூரிலிருந்து வந்த பெரிய மனிதர்களின் மண்டையில் ஏறச் சுமார் நானூறு வருஷம் பிடித்தது. சரித்திரப் புத்தகங்கள் இதற்குத்தான் 'கண்டுபிடிப்புகளின் காலம்' என்று பெயர் வைத்திருக்கின்றன.

வினை ஒரு நாவலில் தொடங்கியது. 1510 வாக்கில் கார்சி ரொத்ரீகெஸ் தே மொந்தால்வோ என்ற ஸ்பானியர் ஒரு வீரசாகசக் கதை எழுதினார். அதில் கலிஃபோர்னியா என்று ஒரு தீவு. ஆண் வாடையே கிடையாது. கலாஃபியா என்ற ராணி, அவளுக்குக் கீழே கறுப்பு நிற வீராங்கனைகள். தீவில் தங்கத்தைத் தவிர வேறு உலோகமே இல்லை. தப்பித்தவறி ஆண் யாராவது போனால், அவர்கள் வளர்க்கும் கிரிஃபின் என்ற பறக்கும் மிருகங்களுக்குத் தீனி. இந்தக் கடைசித் தகவலைப் படித்த பிறகும் ஆண்கள் கப்பலேறினார்கள் என்றால், முந்தைய இரண்டு தகவல்கள் எப்படி வேலை செய்திருக்கும் என்று பாருங்கள்.

ஆஸ்டெக் சாம்ராஜ்யத்தைச் சாய்த்துவிட்டு, அடுத்து எதைச் சாய்க்கலாம் என்று கை அரித்துக்கொண்டிருந்த ஹெர்னான் கோர்த்தேஸும் மேற்கே பெண்கள் தீவு, முத்து, தங்கம் என்ற வதந்தியை ராஜாவுக்குக் கடிதத்தில் எழுதி அனுப்பினார். 1533இல் அவர் அனுப்பிய கப்பலில் நடந்ததோ வேறு. வழிகாட்டி மாலுமி ஃபோர்த்தூன் ஹிமெனெஸ் தன் கேப்டனைக் கொன்றுவிட்டுக் கப்பலைத் தானே எடுத்துக்கொண்டார். இன்றைய லா பாஸ் பக்கம் கரை இறங்கினார். உள்ளூர்க்காரர்களிடம் நடந்துகொண்ட லட்சணத்துக்கு, சுமார் இருபது பேரோடு அங்கேயே கதை முடிந்தது. தப்பி வந்த சிலர் "முத்து இருக்கிறது" என்றார்கள். மிச்சக் கதை யார் காதிலும் விழவில்லை.

1535 மே 3ஆம் தேதி கோர்த்தேஸே நேரில் வந்தார். வீரர்கள், குதிரைகள், பாதிரிகள், கொடி எல்லாம் உண்டு. சாமான் கப்பல்கள்தான் புயலில் திசைக்கு ஒன்றாகச் சிதறிப்போயின. இங்கேதான் ஸ்பானிய வெற்றி முறையில் இருந்த ஓட்டை தெரிந்தது. அந்த முறைக்கு அடிப்படையே அடுத்தவன் களஞ்சியம். ஊரைப் பிடி, சோளத்தை எடு, சாப்பிடு, அடுத்த ஊருக்குப் போ. பாஹாவில் சோளமே விளையவில்லை! உள்ளூர் மக்கள் காட்டுப் பழம் பறித்து, சிப்பி பொறுக்கி, மீன் பிடித்து நிம்மதியாக இருந்தார்கள். இடித்துத் தள்ளக் கோயில் இல்லை, கைது செய்யச் சக்கரவர்த்தி இல்லை, திருடச் சோற்றுப் பானை இல்லை.

உலகத்தின் மிக வளமான கடல்களில் ஒன்றின் கரையில் உட்கார்ந்து ஸ்பானிய வீரர்கள் பட்டினியில் செத்தார்கள். கோர்த்தேஸ் எங்கெங்கோ அலைந்து உணவு கொண்டுவந்தபோது, மிச்சமிருந்தவர்கள் இறைச்சியை ஒரே மூச்சில் விழுங்கினார்கள். அதில் வயிறு கெட்டு இன்னும் பலர் போய்ச் சேர்ந்தார்கள். நான் சேர்த்த மசாலா இல்லை இது. கோர்த்தேஸிடம் சிப்பாயாக இருந்த பெர்னால் தியாஸ் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் கோர்த்தேஸின் மனைவி கப்பலோடு கடிதம் அனுப்பினார். போதும், வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பாருங்கள் என்பது சாரம். ஒரு சாம்ராஜ்யம் மண்டியிட வைக்க முடியாத மனிதர் பேசாமல் புறப்பட்டார். 1536க்குள் குடியிருப்பும் காலி. அந்த வளைகுடாவுக்கு மட்டும் 'கோர்த்தேஸ் கடல்' என்று அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெயரை வைத்த பிரான்சிஸ்கோ தே உல்லோவா 1539இல் வளைகுடாவின் உச்சி வரை போய், இது தீவு இல்லை, தீபகற்பம் என்று பார்த்துவிட்டு வந்தார். பார்த்தால் மட்டும் போதுமா? அடுத்த நூற்றாண்டில் ஐரோப்பிய வரைபடக்காரர்கள் கலிஃபோர்னியாவை மறுபடி தீவாக்கி அழகழகாக வரைந்து விற்றார்கள். 1700களின் தொடக்கத்தில் கினோ என்ற பாதிரியார் தரை வழியாகவே போய் நிரூபித்தும் அந்தத் தீவு கரையில் சேர மறுத்தது. 1747இல் ஸ்பானிய மன்னர் ஆறாம் பெர்னாந்தோ, கலிஃபோர்னியா தீவு அல்ல என்று அரசாணையே போட வேண்டியதாயிற்று. கடலுக்கே அரசாணை அனுப்பிய ஆட்சி அது.

தீபகற்பத்தின் தென்கோடியில் உள்ள காபோ சான் லூக்காஸுக்கு வேறு உபயோகம் இருந்தது. 1587இல் தாமஸ் கேவண்டிஷ் என்ற இங்கிலீஷ் கொள்ளைக்காரர் இரண்டு குட்டிக் கப்பலோடு அங்கே பதுங்கினார். மணிலாவிலிருந்து பட்டும் தங்கமுமாக 'சாந்தா ஆனா' வந்தது. அறுநூறு டன் கப்பல். பீரங்கி ஒன்றுகூட இல்லை. பசிபிக்கில் தங்களைத் தவிர வேறு யார் இருக்கப்போகிறார்கள் என்ற நம்பிக்கை! கல்லையும் ஈட்டியையும் எறிந்து பல மணி நேரம் தாக்குப்பிடித்தார்கள், பாவம். கேவண்டிஷ் அள்ள முடிந்ததை அள்ளிக்கொண்டு, சுமார் 190 பேரைக் கரையில் இறக்கிவிட்டு, கப்பலுக்குத் தீ வைத்துவிட்டுக் கிளம்பினார். கரையில் நின்றவர்கள் தீயை அணைத்து, எரிந்ததில் மிஞ்சியதை ஒட்டுப்போட்டு அக்காபுல்கோவுக்கு ஓட்டியே போய்விட்டார்கள்! இந்தக் கதையில் நான் எழுந்து நின்று கைதட்டுவது இவர்களுக்குத்தான். அவர்களில் ஒருவர் செபாஸ்தியான் விஸ்காயினோ. பட்டது போதாதென்று 1596இல் திரும்பி வந்து லா பாஸ், அதாவது அமைதி, என்று அந்த ஊருக்குப் பெயர் வைத்தார். அவர் குடியிருப்பும் சோறில்லாமல் அதே வருஷம் கலைந்தது.

நடுவில் ஜெஸ்யூட் பாதிரியார்கள் 1697 முதல் எழுபது வருஷம் மிஷன் நடத்தினார்கள். அவர்களோடு வந்த அம்மையும் மற்ற நோய்களும் உள்ளூர் மக்களைக் கிட்டத்தட்டத் துடைத்தெடுத்தன. அந்தப் பகுதியில் சிரிக்க எனக்கு எதுவும் இல்லை. நகர்வோம்.

1853இல் வில்லியம் வாக்கர் என்ற அமெரிக்கர் வந்தார். டாக்டருக்குப் படித்தவர், வக்கீல் தொழில் பார்த்தவர், பத்திரிகை ஆசிரியர். மூன்றிலும் மனம் நிற்காமல் நான்காவதாக ஜனாதிபதி வேலையைத் தேர்ந்தெடுத்தார். 45 பேரோடு லா பாஸில் இறங்கி, கவர்னரைப் பிடித்து வைத்துக்கொண்டு, கீழைக் கலிஃபோர்னியக் குடியரசு என்று அறிவித்தார். அப்புறம் வடக்கே என்செனாதாவுக்குப் பின்வாங்கி, ஓர் அங்குலம்கூடப் பிடித்திராத சோனோரா மாநிலத்தையும் தன் நாட்டோடு இணைத்தார், காகிதத்தில். அவர் ஆட்களும் ஊரார் மாட்டைத்தான் திருடித் தின்றார்கள். 1854 மே 8ஆம் தேதி, தன் முப்பதாவது பிறந்தநாளன்று, எல்லையைக் கடந்து அமெரிக்க ராணுவத்திடம் சரணடைந்தார். சான் பிரான்சிஸ்கோ ஜூரி எட்டே நிமிஷத்தில் விடுதலை செய்தது. ஜூரிக்கும் சாப்பாட்டு நேரமாக இருந்திருக்கலாம்.

இப்படி ராணி, முத்து, ஆன்மா, நாற்காலி என்று ஆளாளுக்கு ஒன்றைத் தேடி வந்த இடத்துக்கு, 1940 மார்ச்சில் ஒரு மத்தி மீன்பிடிப் படகு வந்தது. பெயர் 'வெஸ்டர்ன் ஃப்ளையர்'. அதில் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக்; முந்தைய வருஷம் வந்த நாவலால் புகழும் மிரட்டலும் சேர்ந்தே துரத்த, மான்டெரேயிலிருந்து ஓடி வந்தவர். கூடவே நண்பர் எட் ரிக்கெட்ஸ், கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர். கடலோரப் பிராணிகள் பற்றி அமெரிக்காவே மதிக்கும் புத்தகம் எழுதிய இவருக்குத் தலை நனைவது ஆகாது. குளிக்கும்போதும் மழைத்தொப்பி போட்டுக்கொள்வார் என்று ஸ்டைன்பெக்கே எழுதியிருக்கிறார்.

அவர்கள் செய்த காரியம் இவ்வளவுதான்: கடல் வற்றும்போது கரையில் இறங்கி, கல்லைப் புரட்டி, அடியில் இருக்கும் நண்டு, நட்சத்திர மீன், கடல் அட்டை எல்லாவற்றையும் பொறுக்கி ஜாடியில் போடுவது. ஊர்க்காரர்கள் வேடிக்கை பார்க்க வந்து, என்ன தொலைத்தீர்கள் என்று விசாரித்தார்கள். ஒன்றும் தொலைக்கவில்லை என்றதும், அப்புறம் எதைத் தேடுகிறீர்கள் என்று அடுத்த கேள்வி. நானூறு வருஷத்தில் அந்தக் கரையில் இறங்கிய அந்நியர்களிடம் கேட்கப்பட வேண்டிய சரியான கேள்வி கடைசியில் கேட்கப்பட்டது. அதுவும் பதில் சொல்லத் தெரியாமல் அசடு வழிந்த இரண்டு நல்ல மனிதர்களிடம். லா பாஸில் பொடியன்களுக்குச் சில்லறை கொடுத்துப் பிராணி பிடித்து வரச் சொன்னார்கள். பையன்கள் கொண்டுவந்து குவித்ததில் ஆராய்ச்சி திணறியது.

படகில் ஒரு வில்லனும் இருந்தான்: சிறு படகுக்கான வெளிப்புற மோட்டார். கம்பெனிக்காரன் வழக்குப் போடுவானே என்று அதற்குக் 'கடல் பசு' என்று மாற்றுப் பெயர் வைத்தார் ஸ்டைன்பெக். போக வேண்டிய தூரம் குறைவென்றால் ஜோராக ஓடும். காற்றும் அலையும் எழுந்து துடுப்புப் போட யாருக்கும் தெம்பில்லாத வேளை பார்த்து மூச்சை நிறுத்தும். இதற்கு உயிரும் அறிவும் உண்டு, மனிதர்களை வெறுக்கிறது என்பது அவர் சித்தாந்தம். பாங்கா எனப்படும் உள்ளூர் மோட்டார் படகை ஓட்டுகிற எவரும் இதற்கு இன்றும் தலையாட்டுவார்.

டைனி என்ற மாலுமிக்கு ஒரே லட்சியம், ராட்சதத் திருக்கையை ஈட்டியால் குத்திப் பிடிப்பது. குத்துவார், கயிறு அறுந்து போகும். இன்னும் தடித்த கயிறு கட்டுவார், அதுவும் போகும். ஒருமுறை கயிறு தாங்கிவிட்டது. இழுத்துப் பார்த்தால் முனையில் ஒரு துண்டுச் சதை. சொந்தக்காரத் திருக்கை எப்போதோ கிளம்பிப் போயிருந்தது.

இந்தப் பயணத்தில் என் மனம் கவர்ந்தது கடலை விட்டுக் கரையேறிய வேளைதான். புவெர்த்தோ எஸ்கோந்தீதோவில் பழக்கமான மெக்ஸிகோ நண்பர்கள் காட்டு ஆடு வேட்டைக்கு அழைத்தார்கள். ஸ்டைன்பெக்குக்கும் ரிக்கெட்ஸுக்கும் ஆட்டைச் சுடும் ஆசை துளியும் இல்லை. மலையில் ஒரு சின்ன நீர்வீழ்ச்சி. பக்கத்தில் படுத்தார்கள், சாப்பிட்டார்கள், கதை பேசினார்கள். வழிகாட்டிகள் மட்டும் மேலே போய்த் தேடிவிட்டுக் கை நிறைய ஆட்டுப் புழுக்கையோடு திரும்பினார்கள். எல்லோரும் அதைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். வேட்டைக்காரர்கள் கொம்பைப் பலகையில் அறைந்து மாட்டுவதைப்போல, ஒரு புழுக்கையைப் பலகையில் பதித்து வைத்ததாக எழுதினார் பின்னாளைய நோபல் எழுத்தாளர். ஆட்டைக் கொல்லாமலே வேட்டைக்குப் போனதற்கான அத்தாட்சி!

ஒரு சங்கதி உறுத்துகிறது. ஸ்டைன்பெக்கின் மனைவி கேரலும் அதே படகில்தான் போனார். இந்தப் பயணத்தைப் பற்றி ஸ்டைன்பெக்கும் ரிக்கெட்ஸும் எழுதிய புத்தகம் கண்ட புழு பூச்சிக்கெல்லாம் லத்தீன் பெயரோடு இடம் கொடுத்தது; கேரல் பெயர் மட்டும் ஓர் இடத்தில்கூட இல்லை. பின்னால் விவாகரத்து ஆனதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? புத்தகமும் 1941 டிசம்பரில் வெளிவந்தது. அந்த வாரம் ஜப்பான் பேர்ல் ஹார்பரில் குண்டு போட, கடல் அட்டையைப் பற்றிப் படிக்க நாட்டில் ஆளில்லாமல் போயிற்று.

1973இல் தீபகற்பம் முழுக்க, 1,700 கிலோமீட்டருக்குச் சாலை போட்டு முடித்தார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் காரில் போய்க் கோர்த்தேஸ் பட்டினி கிடந்த கரையில் வண்டியை நிறுத்தலாம். விடியும்முன் பாங்காவில் ஏறினால், சூடேறுவதற்குள் சியெர்ரா அகப்படும்; நம் வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தம். கரையிலேயே பொடிப்பொடியாக அரிந்து, எலுமிச்சை பிழிந்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் போட்டுக் கிளறிக் கால் மணி நேரம் வைத்தால் செவிச்சே. அடுப்பு வேண்டாம், அரசாணை வேண்டாம். என்செனாதா பக்கம் போனால், மாவில் தோய்த்துப் பொரித்த மீனைச் சோள ரொட்டியில் வைத்து, மேலே முட்டைக்கோஸ் தூவி, தாளிக்காத சட்னியோடு தருவார்கள். முதல் கடியிலேயே முழங்கை வரை வழியும். குனிந்து நின்று தின்பதுதான் அங்கே மரியாதை.

ஆனாலும் பழைய காய்ச்சல் முழுதாக விடவில்லை. காபோ சான் லூக்காஸில் அக்டோபர்தோறும் மார்லின் பிடிக்கும் போட்டி நடக்கிறது, பரிசு கோடிக்கணக்கில். 300 பவுண்டுக்குக் குறைந்த மீன் கணக்கில் சேராது. கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மீனைப் பிடித்து, தராசில் ஐந்து பவுண்டு குறைந்துபோய், படகுத்துறையில் இறங்கி வருகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். இழவு வீட்டில் உட்கார இடம் தேடுகிற முகம் அது.