குடை ரிப்பேர்க்காரர்

கேள்வி: ஆஸ்திரேலியாவிலும் கட்சித் தாவல் உண்டா?

பதில்: உண்டாவா? பில்லி ஹியூஸ் என்று ஒருவர் இருந்தார். லண்டனில் பிறந்து, 1884-ல் கப்பலேறி வந்து, சிட்னியில் குடை ரிப்பேர் பார்த்தவர். 1894-ல் நியூ சவுத் வேல்ஸ் மாநில சட்டமன்றத்துக்கு லேபர் உறுப்பினராகப் போனார். 1901-ல் கூட்டாட்சி நாடாளுமன்றம் உருவானதும் அங்கே தாவினார். அது முறையான தாவல்.

1915-ல் பிரதமர். முதல் உலகப் போருக்குக் கட்டாய ராணுவ சேவை வேண்டும் என்று 1916-ல் மக்களைக் கேட்டார், மாட்டோம் என்றார்கள். கட்சி கொதித்தது. இவர் ஆதரவாளர்களோடு வெளிநடப்புச் செய்து, எதிரணியோடு சேர்ந்து நேஷனலிஸ்ட் கட்சித் தலைவரானார். பிரதமர் நாற்காலி மட்டும் மாறவில்லை! 1917-ல், 'இம்முறை தோற்றால் பதவி விலகுவேன்' என்று மீண்டும் கேட்டார். மீண்டும் தோல்வி. சொன்ன சொல் தவறாமல் ராஜினாமா செய்தார். வேறு ஆள் கிடைக்காத கவர்னர் ஜெனரல் இவரையே மறுபடி பிரதமராக்கினார். இப்படி ஒரு ராஜினாமா கிடைத்தால் யார்தான் செய்யமாட்டார்கள்?

1923-ல் நாற்காலி அதே கட்சியின் புரூஸிடம் போனது. ஆறு வருடம் காத்திருந்து, 1929-ல் சொந்தக் கட்சியின் அந்த ஆட்சியையே கவிழ்த்தார். விலக்கினார்கள். தனிக்கட்சி, ஐக்கிய ஆஸ்திரேலியக் கட்சி, கடைசியில் லிபரல் என்று பயணம் தொடர்ந்தது. கன்ட்ரி பார்ட்டியில் மட்டும் ஏன் சேரவில்லை என்று கேட்டதற்கு, எங்காவது ஓர் எல்லை வேண்டாமா என்றாராம்.

1952-ல், 90 வயதில் இறக்கும்போதும் அவர் நாடாளுமன்ற உறுப்பினர்தான்.