எல்லோருக்கும் பொதுவான ஹார்ட் டிஸ்க்

மேக்கில் ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்றுதான் அது முதலில் விசாரிக்கும். உள்ளே உங்கள் கல்யாண வீடியோ இருக்கிறதே என்ற கூச்சமெல்லாம் கிடையாது. மேக் கொஞ்சம் நாசூக்கு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைத் திறந்து பார்க்கும். அதில் ஓர் எழுத்துகூட எழுதாது. சம்பந்தி வீட்டுக்கு வந்துவிட்டுக் கை நனைக்காமல் போகிற கௌரவம்!

ஊருக்குப் பொதுவாக ஃபேட்32 இருக்கிறதே என்பீர்கள். டிஸ்க்கில் 900 ஜிபி காலியாகக் கிடந்தாலும், 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பைக் கண்டால் அது கைவிரித்துவிடும்.

இந்த 4 ஜிபி தடை இல்லாத எக்ஸ்ஃபேட்டை 2006-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஆப்பிள் 2010-இல் இறங்கிவந்தது. லினக்ஸ் கர்னலுக்குள் அது நுழைந்தது 2019-இல், மைக்ரோசாஃப்ட் அதன் தொழில்நுட்ப விவரங்களை வெளியிட மனம் வைத்த பிறகு. ஒரு டிஸ்க்கை மூவரும் படிக்கப் பதின்மூன்று ஆண்டுச் சமரசம்!

எக்ஸ்ஃபேட்டுக்கு ஜர்னல், அதாவது செய்யும் மாற்றங்களைக் குறித்துவைக்கும் ஏடு, கிடையாது. எழுதும்போதே பிடுங்கினால் கோப்புகள் பாழாகலாம். இருந்தாலும் மூவருக்கும் பொதுவானது என்பதால் எக்ஸ்ஃபேட்டே வையுங்கள், ஆனால் 'எஜெக்ட்' கொடுத்துக் கழற்றுங்கள். அந்தக் கல்யாண வீடியோவை மட்டும், ஃபார்மேட் பொத்தானைத் தொடுமுன் வேறெங்காவது நகலெடுத்துவிடுங்கள்.