பதிப்புப் பக்கப் புனைவு: தாம்பரம் வட்டாரத்தை முன்வைத்து

நூலின் தலைப்புப் பக்கத்துக்குப் பின்புறம், விலைக்கும் அச்சகத்தின் பெயருக்கும் நடுவே, 'மூன்றாம் பதிப்பு' என்று பொடி எழுத்தில் நிற்கும் வரியே தமிழ்ப் புனைவிலக்கியத்தின் மிகச் சிறிய வடிவம் என்பதும், பல்லாவரம் முதல் பெருங்களத்தூர் வரை மின்ரயில் தடத்தை ஒட்டிக் குடியிருக்கும் எழுத்தாளர்களிடம் அது செழித்து வளர்ந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

எழுத்துலகின் போலித்தனத்தை எள்ளிய நாவல்களுள் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) முதன்மையானது. பிறவாத மலையாள எழுத்தாளன் ஒருவனுக்கு 1960 ஜனவரி 5 என்று இறந்த நாளையும் குறித்துக்கொடுத்த அந்நூல், தான் நாவலே என்பதை மறைக்கவில்லை. பதிப்பு வரிக்கு அந்த நேர்மை கிடையாது. ஆர். எஃப். குவாங்கின் 'யெல்லோஃபேஸ்' (2023) நாயகிக்குத் திருடுவதற்கு இறந்த தோழியின் கைப்பிரதியாவது வேண்டியிருந்தது. பதிப்பு எண்ணுக்கு அதுவும் வேண்டுவதில்லை.

ஒரு பதிப்பு என்றால் ஆயிரத்தை ஒட்டிய பிரதிகள் என்றிருந்த காலம், கேட்ட அளவுக்கு மட்டும் அச்சிட்டுத் தரும் 'பி.ஓ.டி.' முறையால் முடிவுக்கு வந்தது. வெளியீட்டு விழாவுக்கு ஐம்பது, நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துப் புத்தகக் காட்சிக்கு ஐம்பது, மாமனார் வழி உறவினர்க்கு ஐம்பது என அச்சிடும் குரோம்பேட்டைக் கவிஞர் பொங்கலுக்குள் மூன்றாம் பதிப்பைக் கண்டுவிடலாம். நேரே இரண்டாம் பதிப்பிலேயே தொடங்கும் துணிவுடையோரும் உளர். அவர்தம் நூல்களை, ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் வழியைப் பின்பற்றி, 'முதல் கெட்ட மறுபதிப்பு' எனலாம்.

சட்டமும் இவ்வகைமைக்கு இசைவாகவே உள்ளது. அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்வதற்கான 1867ஆம் ஆண்டுச் சட்டம், பதிப்பின் எண்ணோடு அப்பதிப்பில் எத்தனை பிரதிகள் என்பதையும் பதிவேட்டில் கேட்டது. அதன் இடத்துக்கு வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டமோ இதழ்களை வைத்துக்கொண்டு நூல்களை விட்டுவிட்டது. எழும்பூர் கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும் என்னும் 1954ஆம் ஆண்டுச் சட்டம், முதற்பதிப்பு சேர்ந்திருப்பின், மாற்றமில்லாத மறுபதிப்புக்கு விலக்களிக்கிறது. எனவே முதற்பதிப்பின் அச்சுப்பிழைகளை மூன்றாம் பதிப்பிலும் பேணிக் காப்பதை அலட்சியம் எனக் கொள்ளலாகாது. அது சட்ட நுட்பம்.

எஞ்சும் சான்று கள ஆய்வில்தான் கிடைக்கும். சேலையூர்ப் பக்கத்து வீடுகளில், கட்டிலுக்கு அடியில், அரிசி டிரம்முக்கு அருகே, நூல் கட்டுகள் பிரிக்கப்படாமலே இருக்கின்றன. அவற்றை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். எனினும் எண்ண வருபவருக்குக் காப்பியோடு ஐந்து பிரதிகள் கையொப்பமிட்டு வழங்கப்படுவதால், ஆய்வு தொடங்கும்போதே தரவு குறைந்துவிடுகிறது, நான்காம் பதிப்புக்கும் தேவை எழுந்துவிடுகிறது.