புரொஜெக்டர் சாஸ்திரத்தில் பின்வரிசைத் தலைகளின் ஸ்தானம்

அறுபது வயது நிறைந்த கிருகஸ்தர் ஒருவருடைய சஷ்டியப்தபூர்த்தியை முன்னிட்டு நடக்கும் மாலை வரவேற்பில், உறவினர் அனைவரும் மண்டபத்து நாற்காலிகளை நிரப்பிக்கொண்டு, பந்திக்கு இலை போட்டாகிவிட்டதா என்று ஒரு கண்ணைச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசலிலேயே வைத்திருக்கும் சமயத்தில், விளக்குகளை அணைத்து, அவருடைய தொட்டில் பிராயம் தொடங்கிப் பேரனைத் தொட்டிலிட்ட பிராயம் வரையிலான புகைப்படங்களை வெண்திரையில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே நிலைபெற்றுவிட்டது. ஹோமத்துக்கும் தானத்துக்கும் அட்சதைக்கும் தெளிவாக விதி வகுத்த முன்னோர் இந்தப் படக்காட்சிக்கு விதி வகுக்காமல் போனது அவர்கள் குற்றமன்று; ஆயினும், விதியின்மையால் விளைந்த மனஸ்தாபங்கள் சில குடும்பங்களில் இரண்டாம் தலைமுறையை எட்டிவிட்டபடியால், இத்துறையை முறைப்படி ஆராய்ந்து சித்தாந்தம் ஒன்றை ஸ்தாபிக்கும் அவசியம் நேர்ந்திருக்கிறது.

முதலில் லக்ஷணம். சபையில் வீற்றிருக்கும் ஒவ்வொருவரும் திரையில் தம் முகத்தைக் கண்டுபிடித்து, கண்டுபிடித்த செய்தியைப் பக்கத்து நாற்காலிக்குச் சொல்லி முடிப்பதற்கு வேண்டிய அளவும் ஒளியும் அவகாசமும் எதில் உண்டோ, அதுவே உத்தமமான படக்காட்சி. விழா நாயகரின் வாழ்க்கையைக் காட்டுவதல்லவா அதன் பிரயோஜனம் என்று ஆட்சேபிப்பவர்கள், காட்சி நடக்கையில் திரையைப் பாராமல் சபையைப் பார்க்கக்கடவர். மேடைமேலுள்ள தம்பதியரைத் தவிர வேறெவரும் நாயகரைத் தேடுவதில்லை என்பதும், அவர் தோளுக்குப் பின்னால் பாதி மறைந்து நிற்கும் தம்மையே தேடுகிறார்கள் என்பதும் பிரத்தியட்சமாக விளங்கும்.

தரம் என்பது காமிராவிலேயே குடியிருக்கிறது என்று வாதிக்கும் பூர்வபக்ஷிகள் சிலர் உண்டு. 6000க்கு 4000 என்ற கணக்கில் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள் கொண்ட படத்தை, ஒரு புள்ளியும் குறையாமல் கொண்டுவந்து ஒப்படைப்பதில் இவர்களுக்கு ஆனந்தம். புரொஜெக்டரோ, 1920க்கு 1080 என்னும் வகையைச் சேர்ந்ததானால் ஏறத்தாழ 20 லட்சத்து 73 ஆயிரம் புள்ளிகளையும், 1024க்கு 768 என்னும் பழைய வகையானால் 8 லட்சத்துக்கும் குறைந்த புள்ளிகளையுமே காட்ட வல்லது. பதினொன்றில் ஒரு பங்குகூட உள்ளே நுழையாத இடத்தில், மிச்சத்தை யாரேனும் கழித்துத்தான் ஆகவேண்டும். அதை இயந்திரம் அவசரத்தில் தன் மனம்போனபடி செய்வதற்கு விட்டுவிடாமல், வீட்டிலேயே நிதானமாக, திரையின் அளவுக்குச் சரியாகக் குறைத்து, குறைத்த பின் லேசாகக் கூர்மையேற்றிக்கொண்டு போவதே விவேகம். இவ்வளவோடு பூர்வபக்ஷம் நிராகரிக்கப்பட்டது.

இனிச் சரித்திரம். சனிக் கிரகத்தைச் சுற்றியிருப்பது வளையமே என்று உலகுக்குச் சொன்ன டச்சு விஞ்ஞானி கிறிஸ்தியான் ஹைகன்ஸ், 1659-ம் ஆண்டில், ஒளியைக் கண்ணாடிச் சித்திரத்தின் வழியே சுவரில் வீழ்த்தும் மாய விளக்கு ஒன்றுக்காகச் சில படங்களை வரைந்து வைத்தார். அவற்றில் ஓர் எலும்புக்கூடு தன் தலையைத் தானே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறது. மூன்றாண்டு கழித்து அவருடைய தகப்பனார், பிரெஞ்சு அரசவையில் காட்டுவதற்கு அப்படி ஒரு விளக்கு வேண்டுமென்று கேட்க, இத்தகைய அற்ப வேடிக்கையில் குடும்பத்தின் பெயர் அடிபடுவதை விரும்பாத மகன், பாரிஸிலிருந்த தம்பிக்கு, லென்ஸ் ஒன்றைக் கழற்றி அது வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்ளுமாறு எழுதினார். திரையில் தலை போவதும், தகப்பனார் கேட்டதை மகன் தட்டிக்கழிப்பதும் இக்கலையின் பிற்காலச் சீர்கேடுகள் அல்ல, பிறவிக் குணங்களே என்பதை இதனால் அறிகிறோம்.

1961-ல் கோடக் கம்பெனி 80 சிலைடுகள் அடங்கும் வட்டத் தட்டோடு கூடிய ‘கரூசல்’ இயந்திரத்தை வெளியிட்டது. சதுரமான சிலைடு ஒன்றைத் தட்டில் செருகுவதற்கு 8 வழிகள் உண்டென்பதும், அவற்றில் 7 பிசகு என்பதும் கணிதம். கோடக் 2004-ல் சிலைடு புரொஜெக்டர் உற்பத்தியை நிறுத்திவிட, தலைகீழாய் நின்ற தலைகளின் யுகம் முடிந்து, தலையே இல்லாமற்போகும் யுகம் பிறந்தது.

இந்த யுகத்தின் கர்த்தா, படத்தைத் திரை முழுவதும் நிரப்பும்படி கம்ப்யூட்டருக்கு இடப்படும் ஓர் ஆணை. போஸ்ட் கார்டு அளவுப் புகைப்படம் 3-க்கு 2 என்னும் விகிதத்தது. இன்றைய திரை 16-க்கு 9. முன்னதைப் பின்னதின் அகலத்துக்கு இழுத்தால் உயரம் 1280 வரிகளாகி, திரையில் இடமில்லாத 200 வரிகள் மேலும் கீழுமாக வெட்டுண்டு போகின்றன. செல்போன் படமாகில் நஷ்டம் சரியாகக் கால் பங்கு. வெட்டு விழும் இடத்தைக் கவனியுங்கள்: கீழே, ஜமக்காளத்தில் சம்மணமிட்ட குழந்தைகள், மேலே, பெஞ்சின்மீது ஏற்றி நிறுத்தப்பட்ட பின்வரிசை. பின்வரிசையில் நிற்பவர்கள் யார்? சம்பந்தி வீட்டு ஒன்றுவிட்ட சகோதரர்கள், கடைசி நேரத்தில் வந்து சேர்ந்த பெரிய மைத்துனர், பந்தலுக்குப் பணம் கொடுத்தும் முன்வரிசையில் இடம் கிடைக்காத சித்தப்பா. அதாவது, ஏற்கெனவே மனத்தாங்கலோடு நின்றவர்கள். அன்று நிற்கவைத்த அவமானத்தை முப்பது வருஷம் பொறுத்தவர்கள், இன்று கழுத்தோடு நிறுத்தப்படுவதைப் பொறுப்பார்களென்று எதிர்பார்ப்பதற்கு நியாயமில்லை. அந்நாளில் வீடுகளில் புழங்கிய ஆக்ஃபா கிளிக் 3 காமிராவின் சதுரப் படங்களை நிரப்பினாலோ, நூற்றுக்கு 43 பங்குக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது பெரும்பாலும் வேட்டி. ஆகவே சித்தாந்தம்: படம் முழுவதும் தெரியவேண்டும்; பக்கங்களில் கறுப்பு வெளி விழுந்தால் விழட்டும்.

பழைய படங்களை ஆல்பத்தில் இருந்தபடியே செல்போனால் எடுத்து, எடுத்தவரின் விரல் நிழலோடும் டியூப்லைட்டின் பிரதிபலிப்போடும் அனுப்பிவைக்கும் மருமகன்களை இவ்விடத்தில் கண்டிக்கிறோம். ஸ்கேனர் என்னும் கருவி இதற்கென்றே உள்ளது. 45 மில்லிமீட்டர் உயரமுள்ள பாஸ்போர்ட் அளவுப் படத்தை அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம் ஸ்கேன் செய்தால் 1063 வரிகள் கிடைக்கின்றன. 1080-க்குப் பதினேழே குறைவு. 300-ல் நிறுத்தினாலோ, பாதி முகத்தை இயந்திரம் கற்பனையால் நிரப்பவேண்டிய நிர்ப்பந்தம். சாயம் பிரிந்து செம்மையேறிப்போன கல்யாணப் படங்களுக்கு வர்ண சுத்தி செய்வதும் கடமையே. மயில்கழுத்துப் பட்டு மறுபடி மயில்கழுத்தாவதை, அதை உடுத்தியவர் கவனிக்காமல் இரார்.

அடுத்து காலப் பிரமாணம். பிரபவ முதல் அக்ஷய வரை வருஷத்துக்கு ஒரு படமாக அறுபது படம் என்றும், படத்துக்கு 5 வினாடியென்றும் கொண்டால் 300 வினாடி, அதாவது பன்னிரண்டரை விநாழிகை ஆகிறது. இது ஒரு சினிமாப் பாட்டின் நீளத்துக்கு ஏறக்குறைய ஒத்துவருவதைத் தெய்வ சங்கற்பம் என்று கொள்வோரை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் சமமாகப் பங்கிடுவது அநீதி. ஒரு முகத்தைப் பார்க்க வேண்டிய அவகாசம் வேறு. நாற்பது தலைக்கு நடுவே, அதுவும் கண்ணாடியை அறையில் மறந்துவைத்துவிட்டு வந்த அத்தை, தம் தலையைத் தேட வேண்டிய அவகாசம் வேறு. குடும்பப் படங்கள் பன்னிரண்டுக்குப் பத்துப் பத்து வினாடி ஒதுக்கி, எஞ்சிய 48 படங்களுக்கு மூன்றே முக்கால் வினாடி கொடுப்பதே நம் தீர்ப்பு.

இருளைப் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு நிறத்தை வீசவல்ல புரொஜெக்டர் எதுவும் இல்லை. ஒளி வீசாது விட்ட இடமே கறுப்பாகத் தோன்றுகிறது. எனவே திரையில் காணும் மிகக் கறுத்த கறுப்பு, மண்டபத்தில் அணையாமல் எஞ்சிய விளக்குகளின் வெளிச்சமேயாகும். வீடியோக்காரர் தம் விளக்கை உயர்த்திய மறுகணமே அரக்குப் பட்டு சாம்பலாகவும், தாத்தாவின் கறுப்புக் கோட்டு விபூதி நிறமாகவும் மாறிவிடுகின்றன. சுவரெங்கும் நிறைந்த சுவிட்சுகளில் எது எதற்குரியதென்று அறிந்தவர் மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஒருவரே. அவர் அவ்வேளையில் ஜெனரேட்டர் பக்கம் போயிருப்பார். ஆகையால் அவரை முன்கூட்டியே சகல மரியாதைகளுடன் அழைத்து உட்காரவைப்பது, வெளிச்சம் மிகுந்த விலையுயர்ந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுப்பதைக் காட்டிலும் பலனளிப்பது. இயந்திரத்தை இருமடங்கு தூரம் தள்ளிவைத்தால் படம் நான்கு மடங்கு விரியும், வெளிச்சம் கால்வாசியாகிவிடும். அதைத் தாழ்ந்த ஸ்டூலில் வைத்து, முன்காலுக்கடியில் பஞ்சாங்கத்தைச் செருகி அண்ணாத்திருக்கச் செய்வோர், மேற்பக்கம் அகன்று கீழ்ப்பக்கம் குறுகிய படத்தைப் பெற்று, அதை மெனுவில் நிமிர்த்தி, நிமிர்த்துகையில் புள்ளிகளையும் பறிகொடுக்கிறார்கள். உயரமான மேஜை ஒன்று போதும்.

படங்கள் சுழன்று வருதல், ரோஜா இதழாய்ச் சிதறுதல், இருதயத்துக்குள்ளிருந்து எட்டிப்பார்த்தல் முதலிய சேஷ்டைகளைக் குறித்து விஸ்தரிப்பது இவ்வாராய்ச்சியின் கௌரவத்துக்கு உகந்ததன்று.

இறுதியாக, முழுவதையும் ஒரே வீடியோவாக மாற்றிப் பென்டிரைவில் எடுத்துச்செல்வோர், கடைசிப் படத்தை மட்டும் பந்தி அழைப்பு வரும்வரை நிற்கும்படி நீட்டிவைக்கவேண்டும். அதைச் செய்யாவிடில், பாட்டு ஓய்ந்து ஆபரேட்டர் கம்பியைப் பிடுங்கிய அக்கணமே, அறுபது நிறைந்து மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கும் தம்பதியரின் தலைக்கு மேலே, பத்தடி அகலத் திரையில், நீலப் பின்னணியில் ‘நோ சிக்னல்’ என்ற எழுத்துக்கள் பளிச்சிடும். அது அபசகுனமென்று எந்தச் சாஸ்திரமும் கூறவில்லை. ஆனால் அந்த அத்தை, கண்ணாடி இல்லாமலேயே, அதை மட்டும் படித்துவிடுவார்.