தக்காளி உபதேசம்

கேள்வி: புத்தகத்தைத் திறந்தாலே, ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்கிறது மனம். இந்த வியாதியைத் தீர்க்க ஏதேனும் கருவி உண்டா?

பதில்: உண்டு; அதுவும் சமையலறையிலேயே உண்டு. 1980-களின் இறுதியில், இத்தாலி தேசத்துப் பல்கலைக்கழக மாணவராயிருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ என்பவர், தம் புத்தி பாடத்தில் நில்லாது திரிவதைக் கண்டு மனம் நொந்து, தக்காளி வடிவச் சமையல் கடிகாரம் ஒன்றைத் திருகி மேஜைமேல் வைத்து, அது மணியடிக்கும் வரையிலாவது படிப்பதென்று பிரதிக்ஞை செய்துகொண்டார். 25 நிமிஷம் உழைப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்று பின்னர் வகுக்கப்பட்ட அந்த முறைக்கு, தக்காளியைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லாகிய ‘பொமொடோரோ’வே பெயராக நிலைத்துவிட்டது. மலையைக் கண்டு மலைக்கும் மனம் கூழாங்கல்லைக் கண்டு அஞ்சுவதில்லை என்பதே இதன் சூட்சுமம், ஆகையால், மாணவர்களுக்குக் கருவி செய்ய முற்படுவோர், வேலையைச் சிறு துண்டுகளாக்கி, ஆரம்பத்தைச் சுலபமாக்கி, முடிவைக் கண்ணுக்குக் காட்டினால் போதும், அலங்காரங்கள் அநாவசியம். ஆனால், எந்தக் கடிகாரம் சிலாக்கியமானது என்று ஆராய்வதிலேயே இன்றைய மாலைப்பொழுதைக் கழித்துவிடாதீர். நாளைக்கு ஒத்திப்போடத் தக்க காரியம், இந்தப் பதிலை மறுமுறை வாசிப்பது ஒன்றே.