குறுவை, சம்பா, செல்போன்

முப்போகம் விளைந்த பூமி என்று மேடைக்கு மேடை நம்மைப் புகழ்வார்கள். பல ஊர்களில் இப்போது ஒரு போகம் கரையேறுவதே பெரும்பாடு. கவலை வேண்டாம். தொலைந்துபோன மூன்றாவது போகம் திரும்பிவிட்டது. செப்டம்பரில் வருகிறது. அதற்கு மேட்டூரில் 120 அடி தண்ணீர் வேண்டாம். ஜூன் 12-இல் மதகைத் திறந்து பூத்தூவ யாரும் வர வேண்டாம். கலிபோர்னியாவில் ஒருவர் மேடையேறி ஒரு போனைத் தூக்கிக் காட்டினால் போதும். கும்பகோணத்தில் விளைந்துவிடும்.

யாருக்கு விளைகிறது? வாங்குகிறவருக்கு அல்ல. விமர்சகருக்கு.

யூடியூபில் போன் விமர்சனம் செய்யும் தம்பிகளுக்கு மார்ச்சிலேயே வேலை தொடங்கிவிடும். முதலில் ‘கசிவு’. கடைமடைக்குக் காவிரி வந்து சேராத நாட்டில் இந்தக் கசிவு மட்டும் வேதாரண்யம் வரை தடையில்லாமல் பாய்கிறது. பட்டன் இடம் மாறுகிறதாம். கேமரா இன்னும் கொஞ்சம் வீங்குகிறதாம். ‘கேம் சேஞ்சர் மக்களே’ என்று ஒரு காணொளி. ஜூலையில் ‘இப்ப வாங்காதீங்க, வெயிட் பண்ணுங்க’ என்று இன்னொன்று. செப்டம்பரில் பெட்டி பிரிக்கும் வைபவம். உறையைக் கிழிக்கும் சத்தத்துக்கே தனி மைக். அக்டோபரில் குரலை இறக்கி, ‘கொஞ்சம் ஏமாற்றம்தான்.’ எதிர்பார்ப்பை விதைத்தவர் இவர். ஏமாற்றத்தை அறுத்தவரும் இவர். இரண்டுக்கும் விளம்பரக் காசு உண்டு. நடுவில் போனை வாங்கியவருக்கு மாதத் தவணை.

ஆண்டுதோறும் வரும் புதுப் போன் இவர்களுடைய எதிர்பார்ப்பை நிறைவேற்றுகிறதா என்று கேட்கிறார்கள். நிறைவேற்றாது. நிறைவேற்றிவிட்டால் அடுத்த ஆண்டு யார் காத்திருப்பார்?

சந்தேகம் இருந்தால் பழைய ஏட்டைப் புரட்டுங்கள். 2022-இல் வந்த ஐபோன் 14-க்குள் இருந்தது 2021-இன் சிப். பழைய அரிசி, புதுச் சாக்கு. 2023-இல் புரோ போனுக்கு டைட்டானிய உடம்பு. செவ்வாய்க்குப் போன விண்கலத்தின் உலோகம் என்றார்கள். விமர்சகர்கள் தடவித் தடவிப் பரவசப்பட்டார்கள். 2025-இல் அதே புரோ அலுமினியத்துக்கு மாறியது. சூட்டை நன்றாகக் கடத்துமாம். அதற்கும் அதே தடவல், அதே பரவசம். இடையில் 2024-இல் ‘ஆப்பிள் இன்டெலிஜென்ஸ்’ என்று சொல்லி ஐபோன் 16-ஐ விற்றார்கள். உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்த புதிய ‘சிரி’ குரல் உதவியாளர் வருகிறது என்று விளம்பரம் ஓடியது. 2025 மார்ச்சில் அது தாமதமாகும் என்று அறிவித்தார்கள். விளம்பரத்தை எடுத்துவிட்டார்கள். விற்ற போன் விற்றதுதான்.

2020-இல் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது ஆப்பிள். பூமியைக் காப்பாற்றவாம். சாம்சங் கைகொட்டிச் சிரித்தது; எங்கள் பெட்டியில் சார்ஜர் உண்டு என்று பதிவு போட்டது. சில மாதங்களில் அதுவும் எடுத்தது. சார்ஜரை மட்டுமல்ல, அந்தப் பதிவையும் சேர்த்து. பூமியின் மீது இத்தனை கருணை உள்ளவர்கள் ஆண்டுக்கொரு போன் வாங்கச் சொல்லி நம் காதில் ஏன் ஓதுகிறார்கள்? 2022-இல் மட்டும் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதில் சார்ஜர் மட்டுமா இருக்கிறது?

நிலாக் கதை இன்னும் சுவையானது. 2023-இல் ஒருவர் நிலாப் படம் ஒன்றை வேண்டுமென்றே மங்கலாக்கிக் கணினித் திரையில் வைத்தார். விளக்கை அணைத்துவிட்டு, தள்ளி நின்று சாம்சங் போனால் அதைப் படம் எடுத்தார். மங்கல் படத்தில் இல்லாத பள்ளங்களெல்லாம் போன் படத்தில் பளிச்சென்று விழுந்தன. இல்லாததை இருப்பதாகக் காட்டும் வித்தை நமக்கென்ன புதிதா? தூர் வாரிய கணக்கில் பார்க்காததா? அதற்கு முந்தைய ஆண்டு இன்னொரு குட்டு உடைந்தது. அதே நிறுவனத்தின் போன்கள் பல செயலிகளின் வேகத்தைக் குறைத்து ஓட்டின. வேகத்தை அளக்கும் செயலிகளை மட்டும் தொடவில்லை. அளக்கிறவர் வந்தால் ஓட்டம். நாம் வந்தால் நடை.

சரி, அளக்கிறவரின் யோக்கியதை? 2024 ஆகஸ்டில், கூகுளின் பிக்சல் போனை முன்கூட்டியே இலவசமாகப் பெறும் காணொளிக்காரர்களிடம் ஒரு படிவம் நீட்டப்பட்டது. வேறு நிறுவனப் போனைத் தூக்கிப் பிடிப்பதாகத் தெரிந்தால் உறவு முறியும் என்று அதில் நிபந்தனை. விஷயம் வெளியே வந்ததும் கூகுள் அந்த வரியை நீக்கியது. கவனியுங்கள், வெளியே வந்ததும். நம் நாட்டிலும் சட்டம் உண்டு. காசோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால் அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு நெறிமுறை வெளியிட்டது. மீறினால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மறுபடி மீறினால் 50 லட்சம் வரை. திரையின் மூலையில் எறும்பு எழுத்தில் ஒரு சொல் தோன்றி, நீங்கள் கண்ணாடியைப் போடுவதற்குள் மறைகிறதே, அதுதான் தெளிவு.

இனி நம் கணக்கு. 2025 செப்டம்பரில் ஐபோன் 17-இன் ஆரம்ப விலை 82,900 ரூபாய். அதே மாதம் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம் குவிண்டால் 2,545 ரூபாய். 40 கிலோ சிப்பம் 1,018 ரூபாய். அப்படியென்றால் ஒரு போன் 82 சிப்பம். ஏக்கருக்கு 60 சிப்பம் கண்டாலே நல்ல மகசூல் என்போம். அந்த 60-இல் உழவு போக, நடவு போக, உரம் போக, அறுவடை மிஷின் வாடகை போக, எந்த ரசீதிலும் ஏறாத ‘மூட்டைக்கு இவ்வளவு’ போக, மிச்சத்தில் போனுக்கு ஒரு கவர் வாங்கலாம். நல்ல கவராகவே வாங்கலாம்.

அந்த ஆண்டு விமர்சகர்களைத் தூங்கவிடாத பிரச்சினை, புரோ போனின் ஆரஞ்சு நிறம் எடுப்பா, உறுத்தலா என்பது. அடுத்த மாதமே டெல்டாவில் குறுவை நெல் கொள்முதல் நிலைய வாசலிலும் சாலையோரத்திலும் மழையில் நனைந்து முளைவிட்டுக்கொண்டிருந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் வாங்க மாட்டார்கள். 22 வரை அனுமதியுங்கள் என்று மாநில அரசு கேட்டது. ஈரத்தை அளக்க மத்தியக் குழு வந்தது. டெல்லியிலிருந்து குழு கிளம்பி, ஊர் சேர்ந்து, கருவியை நீட்டும்வரை நெல் முளைக்காமல் காத்திருக்க வேண்டும். போன் ஆறு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்கிறார்கள். அதைத் தொட்டியில் முக்கிக் காட்ட விமர்சகர்களுக்குள் அடிதடி. நெல்லுக்கு ஒரு தார்ப்பாய் போர்த்த ஆளில்லை.

தண்ணீரைத் தாங்குவதைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. மேம்பாடு என்றால் என்னவென்று டெல்டாக்காரருக்குப் பாடம் எடுக்க வேண்டாம். சிஆர் 1009 நெல் 1982-இல் வந்தது. பொன்மணி என்போம். இன்றும் சம்பாவுக்கு விதைக்கிறார்கள். பின்னால் அதில் வெள்ளத்தைத் தாங்கும் மரபணுவைச் சேர்த்து, சிஆர் 1009 சப் 1 என்று கொடுத்தார்கள். இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் தண்ணீர் வடிந்ததும் துளிர்க்கும். பெயரில் கூடியது ‘சப் 1’. வயலில் கூடியது உயிர். அதற்கு மேடை இல்லை, பின்னணி இசை இல்லை, கண்கலங்கிய விமர்சகர் இல்லை. ஆண்டுக்கொரு எண்ணைக் கூட்டி விற்கும் புத்தி ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு இருந்திருந்தால், 1922-இலிருந்து இதுவரை நூறு பெட்டிக்கு மேல் பிரித்திருக்கும். நாம் பட்டினி கிடந்திருப்போம்.

இவர்கள் சோதிப்பதையும்தான் பாருங்கள். கைரேகை வைத்தால் கண் இமைக்குமுன் திறக்கிறதாம். யார் கை? நாற்றுப் பறித்துத் தேய்ந்த கட்டைவிரலை ரேஷன் கடை மிஷினே அடையாளம் காண மறுக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் வந்து அந்த விரலை வைத்து ஒருவராவது சோதித்தாரா? வெயிலில் 3,000 நிட்ஸ் வெளிச்சமாம். வெயில் என்று இவர்கள் சொல்வது ஸ்டுடியோ மொட்டைமாடி. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் அடித்தபோது டவர் சாய்ந்தது, தென்னை சாய்ந்தது. பல ஊர்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. அன்றைக்கு டார்ச் அடிக்கவாவது உதவியது பழைய பட்டன் போன். அதற்கு எந்தச் சானலும் மதிப்பெண் போடவில்லை.

வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது. பி.எம். கிசானா, ஓடிபி சொல். கொள்முதலுக்குப் பதிவா, கைபேசி எண் சொல். உரம் இருக்கிறதா என்று பார்க்கவா, 2018-இலிருந்து உழவன் செயலி இருக்கிறது, பார்த்துக்கொள். அரசாங்கம் போனைக் கையில் திணிக்கிறது. விமர்சகர் அதைப் பழசு என்கிறார். கடைக்காரர் வட்டியில்லாத் தவணை என்கிறார்.

தஞ்சாவூர்க் கடை ஒன்றில் கேட்ட பேச்சு:

‘மாமா, இத எக்ஸ்சேஞ்ச்ல போட்டுட்டுப் புதுசு எடுங்க. ஜீரோ வட்டி.’

‘இதுல என்னடா கொறச்சல்?’

‘மூணு வருசப் பழசு மாமா. புதுசுல ஏஐ இருக்கு. நீங்க கேக்குறதுக்கு முன்னாடியே பதில் சொல்லும்.’

மாமா அந்தப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ‘நெல்லு போட்டு இருவது நாளாச்சு. பணம் ஏறலை. ஏறுனா இதுல மெசேஜ் வருமா?’

‘அவன் பணம் போட்டா எந்தப் போன்லயும் வரும் மாமா.’

கடைக்காரர் அதற்கும் மேலான மாடலை எடுத்துவர உள்ளே போனார்.